எந்த இடத்துக் கரம்பை?

இந்த முறை ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன். ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியது.

"ஐயா, எனக்கு இரண்டு ஏக்கர் செம்மண் புஞ்சை. லேசான சரிவு. மண்ணில் பிடிப்பு இல்லை என்று போன கோடையில் அனுமதி வாங்கி, கண்மாயிலிருந்து ஏக்கருக்கு 30 டிராக்டர் லோடு கரம்பை அடித்தேன். மண்ணுக்குக் காசு இல்லை. ஆனால் ஜேசிபிக்கும் டிராக்டர் வாடகைக்கும் நகையை அடகு வைத்தேன். புரட்டாசியில் மக்காச்சோளம் ஊன்றினேன். ஒரு மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்ததும் மேல்மண் ஓடு மாதிரி கட்டிக்கொண்டது. பாதி முளை வெளியே வரவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடி, கொட்டிய கரம்பையில் பெரும்பகுதி ஓடைக்குப் போய்விட்டது. கரம்பை அடித்தால் மண் வளமாகும் என்று நீங்களும்தான் இந்தப் பகுதியில் எழுதினீர்கள். நான் செய்த தவறு என்ன? இந்த வருடமும் அடிக்கலாமா?"

அவருடைய கோபம் நியாயமானது. நான் எழுதியது உண்மை. ஆனால் எழுதியபோது எந்த இடத்துக் கரம்பை என்று சொல்லாமல் விட்டேன். அந்த ஒரு வரிக்கு அவர் நகையை அடகு வைத்திருக்கிறார். ஆகவே இந்தப் பதிலை முழுதாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

அவரிடம் போனில் பேசி, கரம்பையில் கொஞ்சமும் அவருடைய பழைய செம்மண்ணில் கொஞ்சமும் தனித்தனிப் பையில் அனுப்பச் சொன்னேன். பாட்டில் சோதனை செய்து பார்த்தேன். கரம்பை என்று அவர் அடித்ததில் களி நகக்கண் அளவுக்குத்தான் இருந்தது. மீதியெல்லாம் சன்ன மணலும் வண்டலும். தவறு அங்கேதான்.

வண்டல் என்றால் இரண்டு பொருள்

நம் ஊரில் ஆறோ கண்மாயோ கொண்டுவந்து படிய வைத்த எல்லா மண்ணையும் வண்டல் என்கிறோம். மண் ஆய்வகத்தில் வண்டல் என்றால் துகளின் அளவு. 2 மில்லிமீட்டரிலிருந்து 0.02 மில்லிமீட்டர் வரை மணல். 0.02 முதல் 0.002 வரை வண்டல். அதற்கும் கீழே களி. இந்த மூன்றும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதைத்தான் மண் நயம் என்கிறோம். ஆகவே 'வண்டல் மண் எடுக்க அனுமதி' என்று அரசாணையில் இருப்பது கண்மாயில் படிந்த மண். அதற்குள் மணல், வண்டல், களி மூன்றும் இருக்கலாம். எது அதிகம் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

மூன்றின் குணமும் வேறு. மணல் கனம். சாதாரண மழைநீர் அதை வெகுதூரம் இழுத்துப் போகாது. களி மிகச் சிறியது, ஆனால் ஒட்டும். களித்துகள்கள் மின்னூட்டமுள்ள மெல்லிய தகடுகள். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மட்கையும் பிடித்துக்கொண்டு கட்டியாக நிற்கும். அந்தக் கட்டியைப் பிரித்தெடுக்க மழைக்குச் சிரமம். வண்டலுக்கு மணலின் கனமும் கிடையாது, களியின் ஒட்டும் கிடையாது. மாவு மாதிரி. தட்டினால் கிளம்பும், தண்ணீர் வந்தால் மிதக்கும். மிகச் சன்னமான மணலும் ஏறக்குறைய இதே ரகம்தான்.

அமெரிக்காவில் விஸ்மெயர், ஸ்மித் இருவரும் 1978-ல் விரிவாக வெளியிட்ட மண் அரிப்புச் சமன்பாட்டை இன்றும் உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஒரு மண் எவ்வளவு எளிதாக அரிக்கும் என்று கணக்கிட அதில் பார்ப்பவை நான்கு: வண்டலும் மிகச் சன்ன மணலும் சேர்ந்து எத்தனை சதவீதம், மட்கு எவ்வளவு, மண்ணின் கட்டமைப்பு எப்படி, தண்ணீர் எவ்வளவு வேகமாக உள்ளே இறங்குகிறது. முதலாவது கூடி, இரண்டாவது குறைந்தால் அந்த நிலம் மழைக்குத் தாங்காது. நம் வாசகர் அறியாமல் செய்தது இதைத்தான். மட்கு குறைந்த சரிவான செம்மண்ணின் மேல், பணம் கொடுத்து, சீக்கிரம் அரிக்கக்கூடிய பொருளைப் பரப்பியிருக்கிறார்.

ஓடு கட்டியது எப்படி?

பெரிய மழைத்துளி விநாடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணில் விழும்போது சின்னக் கட்டிகளை உடைக்கிறது. உடைந்து வரும் வண்டல் துகள்கள் மண்ணின் நுண்துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்கின்றன. மாவு கரைத்த தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் கொஞ்ச நேரத்தில் துணி அடைத்துக்கொள்வதைப் போல. மேலே சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு படலம் உருவாகிறது. வெயில் பட்டதும் அது பொருக்காகிறது. உள்ளே முளை முட்டுகிறது, திறக்கவில்லை. அடுத்த மழை வருகிறது, இறங்க வழியில்லை. இறங்காத தண்ணீர் சரிவில் ஓடுகிறது, ஓடும்போது மண்ணை எடுத்துக்கொண்டு போகிறது. முளைக்காததும் அரித்ததும் இரண்டு நோய் போலத் தெரியும். வேர் ஒன்றுதான்.

கண்மாய் ஒரு சல்லடை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒரே கண்மாயில் எல்லா இடத்து மண்ணும் ஒன்றல்ல.

வரத்துக்கால் வழியாக வெள்ளம் வேகமாக வருகிறது. கண்மாய்க்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. உடனே கனமான மணல் வரத்து வாயிலேயே விழுகிறது. கொஞ்சம் உள்ளே போனதும் சன்ன மணலும் வண்டலும் படிகின்றன. கலங்கல் நீர் ஆழமான பகுதிக்குப் போய் நாள்கணக்கில் அசையாமல் நிற்கும்போதுதான் களி அடியில் படிகிறது. அசையாத தண்ணீரில் 0.02 மி.மீ. துகள் 10 செ.மீ. இறங்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. 0.002 மி.மீ. துகளுக்கு எட்டு மணி நேரம் ஆகும். அதைவிடச் சன்னமானவை இன்னும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே வரத்து வாய்ப் பக்கம் மணல், நடு உள்வாயில் வண்டல், கரையை நோக்கிய ஆழத்தில் களி என்பது பொதுவான அமைப்பு. களியிருக்கும் இடம் கோடையிலும் ஈரமாக, சக்கரம் பதியும்படி இருக்கும். டிரைவர் அங்கே வண்டியை இறக்க யோசிப்பார். காய்ந்து கிடக்கும் ஓரத்தில், ஏற்றுவதற்குத் தோதான இடத்தில் வாரிக் கொடுத்துவிட்டுப் போவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கண்மாய்க் கரையில் நின்று லோடு எண்ணியிருக்கிறேனே தவிர, எந்த இடத்தில் வாருகிறார்கள் என்று பார்த்ததில்லை. ஒரு பெரியவர்தான் கையில் அள்ளிக் காட்டி, "சார், இது கரம்பை இல்ல, ஓடை மண்ணு. கரம்பைன்னா கையில ஒட்டணும், காஞ்சா வெடிக்கணும்" என்றார். பட்டப்படிப்பில் படித்த பாடம் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஒரு எச்சரிக்கை. களி வேண்டும் என்பதற்காகக் கரையின் அடியையோ மடையின் பக்கத்தையோ தோண்டக் கூடாது. கரை பலவீனப்பட்டால் ஊருக்கே ஆபத்து. அளந்து காட்டிய எல்லைக்குள், அதிலும் ஆழமான பக்கத்து மண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்றுவதற்கு முன் மூன்று சோதனை

முதலாவது, விரல் சோதனை. ஒரு பிடி மண்ணை ஈரமாக்கிப் பிசையுங்கள். நறநறவென்றால் மணல். வழுவழுப்பாக, பவுடர் தடவியது போல இருந்து விரலில் ஒட்டாமல் போனால் வண்டல். பிசுபிசுவென்று ஒட்டி, கட்டை விரலால் தள்ளினால் நாடா போல நீண்டு வந்தால் களி. வழுவழுப்பைப் பார்த்துக் களி என்று ஏமாறுபவர்கள் அதிகம். நாடா வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, பாட்டில் சோதனை. ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் மூன்று விரல் உயரத்துக்குத் தூளாக்கிச் சலித்த மண். அதன் மேல் அரை பாட்டில் வரை தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் படிந்த உயரத்துக்கு ஒரு கோடு: அது மணல். காலையில் வைத்தால் சாயங்காலம் இரண்டாவது கோடு: இடையில் இருப்பது வண்டல். இரண்டு நாள் கழித்து மூன்றாவது கோடு: மேலே படிந்தது களி. இது தோராயக் கணக்குதான். ஆனால் டிராக்டருக்குப் பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இது போதும். நடு அடுக்கே பாதிக்கு மேல் இருந்து, களி அடுக்கு மெலிதாக இருந்தால் அந்த மண்ணை நான் என் செம்மண் புஞ்சைக்கு ஏற்ற மாட்டேன்.

மூன்றாவது, கட்டி சோதனை. இது உங்கள் நிலத்து மண்ணுக்கு. காய்ந்த சிறு மண்கட்டி ஒன்றை ஒரு டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். விட்டதும் பொலபொலவென்று கரைந்தால் மழையிலும் அப்படித்தான் கரையும். அரை மணி நேரம் உருக்குலையாமல் நின்றால் மட்கும் களியும் சேர்ந்து பிடித்திருக்கின்றன. கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கினால் சோடியம் உப்பு இருக்கலாம். மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது தழை, மணி, சாம்பல் சத்தோடு மண் நயத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எத்தனை லோடு?

கண்மாய் மண்ணை விவசாயத்துக்குக் கட்டணமில்லாமல் எடுக்கும் திட்டம் 2017-ல் பெரிய அளவில் தொடங்கியபோது நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் லோடு, புஞ்சைக்கு 90 கன மீட்டர், 30 லோடு என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2024-ல் விதியை எளிமையாக்கி, வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி கிடைக்கும்படி செய்தார்கள். நல்ல திட்டம். ஆனால் 30 லோடு என்பது எடுக்க அனுமதிக்கும் அளவு. பயிருக்குச் சிபாரிசு செய்த அளவு வேறு. தண்ணீர் நிற்காத மணற்பாங்கான நிலத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது எக்டேருக்கு 100 டன் வரை களிமண். ஏக்கருக்கு 40 டன், சுமார் பத்து லோடு. நல்ல களிக் கரம்பை பத்து லோடு, மாவு மண் முப்பது லோடைவிட மேல். வாடகையும் மூன்றில் ஒரு பங்குதான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 90 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் கனம் 2.2 செ.மீ., ஓர் அங்குலம்கூட இல்லை. டேராடூன் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் 1983-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், இந்தியாவில் சராசரியாக எக்டேருக்கு ஆண்டுக்கு 16.35 டன் மண் அரித்துப் போகிறது. நம் கணக்கில் ஏக்கருக்கு 6.6 டன், ஏறத்தாழ 1.2 மி.மீ. ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்கூட இல்லாததால் கண்ணுக்குத் தெரிவதில்லை. சரிவில், வெறும் நிலத்தில், வண்டல் மிகுந்த மண்ணில் இதைவிடப் பல மடங்கு போகும்.

நம்பாதவர்கள் மழை விட்டதும் காட்டுக்குள் நடந்து பாருங்கள். பத்து செ.மீ. அகலம், ஐந்து செ.மீ. ஆழம், 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு சிற்றோடிக் கீறல் விழுந்திருந்தால் 0.3 கன மீட்டர் மண் போயிருக்கிறது. அப்படிப் பத்துக் கீறல் இருந்தால் 3 கன மீட்டர். ஒரே மழையில் ஒரு டிராக்டர் லோடு. அதுவும் மட்கும் மணிச்சத்தும் ஒட்டியிருக்கும் சன்னத் துகள்தான் முதலில் போகிறது. மிஞ்சுவது பருமணலும் சரளையும்.

இப்போது என்ன செய்யலாம்?

கடிதம் எழுதிய நண்பருக்கு என் பதில்: இந்த வருடம் ஒரு லோடுகூட அடிக்க வேண்டாம். இருப்பதைக் காப்பாற்றுங்கள்.

மண்ணில் பதமான ஈரம் இருக்கும்போது உழுங்கள். எக்டேருக்கு 2 டன், அதாவது ஏக்கருக்கு 800 கிலோ ஜிப்சம் அல்லது சுண்ணாம்பு தூவி மறு உழவு போடுங்கள். எது என்பதை மண்ணின் கார அமில நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏக்கருக்கு 4 முதல் 5 டன் தொழு உரமோ மட்கிய தென்னை நார்க்கழிவோ போடுங்கள். நம் மாவட்டத்தில் தென்னைக்குக் குறைவில்லை, நார்க்கழிவு கிடைக்கும். மட்க வைக்காமல் போடாதீர்கள்.

உழவு சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். மழைக்கு முன்பே சிறு பாத்திகளாகப் பிரித்து வரப்பு கட்டினால் விழும் தண்ணீர் விழுந்த இடத்திலேயே நிற்கும். நிற்கிற தண்ணீர் வண்டலை உங்கள் காட்டிலேயே படிய வைக்கும். கீழ்க்கரையில் வெட்டிவேரோ கொழுக்கட்டைப் புல்லோ ஒரு வரிசை வையுங்கள்.

மக்காச்சோளத்துக்குப் பதில் இந்தப் பருவம் தட்டைப்பயறு போடுங்கள். பொருக்கைத் தாங்கி முளைக்கும், நிலத்தை மூடும். மறுபடி பொருக்கு கட்டினால் முளை வரும் நேரத்தில் பல்லுக் கலப்பையால் லேசாகக் கீறிவிடுங்கள். அடுத்த கோடையில் பாட்டிலில் பார்த்து, களியுள்ள கரம்பை கிடைத்தால் ஏக்கருக்குப் பத்து லோடு அடித்து, மேலே பரப்பியபடி விடாமல் உழுது கலந்துவிடுங்கள்.

இரண்டு ஆறு, ஓர் அணை

உங்கள் காட்டை விட்டுப் போன மண் எங்கே போகிறது? ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கத்து ஓடைகளில் பல மூல வைகைக்குப் போகின்றன. வருசநாட்டு மலையில் மழை என்றால் மூல வைகை செம்மண் கரைசலாக வருவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். முல்லைப்பெரியாற்றின் தண்ணீர் கதை வேறு. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையில் அது முதலில் தேங்கி, மண்ணை அங்கேயே பெரும்பாலும் இறக்கி வைத்துவிட்டு, சுரங்கம் வழியாக லோயர்கேம்ப் வந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக இறங்குகிறது. பள்ளத்தாக்கின் ஓடைகள் சேரும்போதுதான் அதிகம் கலங்குகிறது.

இரண்டும் சேர்ந்து 1959-ல் திறந்த வைகை அணைக்குப் போகின்றன. கண்மாயில் நடப்பதே அங்கேயும் நடக்கிறது. வேகம் குறைகிறது, மண் படிகிறது. அணையின் முழு உயரம் 71 அடி என்று செய்தியில் சொல்வார்கள். அடியில் படிந்த மண் தண்ணீரின் இடத்தை எடுத்துக்கொள்வதை அந்த எண் சொல்வதில்லை. உங்கள் காட்டில் வரப்பு கட்டுவது மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரையுள்ள பாசனத்துக்கும் செய்கிற உபகாரம்.

வாசகர் கேள்விகள்

கூடலூரிலிருந்து: பன்னீர் திராட்சைப் பந்தல். சொட்டுநீர்தான் விடுகிறேன், களை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மழைக்குப் பின் வாய்க்காலில் மண் சேர்கிறது. பந்தல் மழையைத் தடுக்காதா?

முழுதாகத் தடுக்காது. இலையில் சேரும் நீர் பெரிய துளியாகி, பந்தல் உயரத்திலிருந்து அதே இடத்தில் திரும்பத் திரும்பச் சொட்டும். கீழே வெறும் மண் என்றால் அங்கே குழியும் பொருக்கும் உண்டாகும். களையைச் சுரண்டி எடுப்பதற்குப் பதில் வெட்டி அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். தண்டைச் சுற்றி மட்டும் ஓர் அடி விட்டுவிடுங்கள்.

சின்னமனூரிலிருந்து: நெல் வயலில் தொழி அடித்து வடிக்கும்போது தண்ணீர் கலங்கலாகப் போகிறது. இதில் நஷ்டம் உண்டா?

உண்டு. தொழி அடிக்கும்போது ஒட்டியிருந்த களியும் பிரிந்து மிதக்கிறது. உடனே வடித்தால் வயலின் சிறந்த மண்ணை வாய்க்காலில் விடுகிறீர்கள். ஒன்றிரண்டு நாள் தண்ணீரை நிறுத்தித் தெளியவிட்டு, அவசியமானால் மேல்நீரை மட்டும் வடியுங்கள். அடியுரம் போட்ட பிறகு வடிக்கவே வேண்டாம்.

கண்டமனூரிலிருந்து: ஆடிக் காற்றில் உழுத காட்டிலிருந்து புழுதி பறக்கிறது. இதுவும் அரிப்பா?

அரிப்புதான். சன்ன மணல் துள்ளித் துள்ளி ஓடும், அது மோதிக் கிளப்பும் வண்டல் புழுதியாகப் பறந்து ஊரைத் தாண்டும். காற்றுக் காலத்துக்கு முன் மண்ணைத் தூளாக உழாதீர்கள். கட்டி இருக்கட்டும், அறுத்த தாள் நிற்கட்டும். காற்றுக்குக் குறுக்கே உயிர்வேலி வையுங்கள்.

கரம்பை அடிக்கத் திட்டமிட்டிருப்பவர்கள் பாட்டிலில் கோடு போட்டு, எந்த அடுக்கு எத்தனை விரல் என்று எழுதி அனுப்புங்கள். வண்டி பேசுவதற்கு முன் எழுதுங்கள்.